மீன் தீவனத்தில் பைட்டேஸ் நொதியும் பாஸ்பரஸ் மாசுக் குறைப்பும்: கொல்லேரு வட்டாரக் குளங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தாவர மூலப்பொருள்களால் ஆன மீன் தீவனத்தில் பைட்டேஸ் நொதியைச் சேர்த்தால் நீர்நிலைகளுக்குச் செல்லும் பாஸ்பரஸ் குறையும் என்பது மீன் ஊட்டவியலில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். அந்நொதி செயற்படும் முறையையும், அதன் பயன் எந்நிலையில் கிட்டும், எந்நிலையில் கிட்டாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஆந்திரப் பிரதேசத்தின் கொல்லேரு ஏரியைச் சூழ்ந்த குளங்களில் தவிடு உண்ணும் கெண்டை இனங்களும், மிதவைத் தீவனம் உண்ணும் பங்காசியஸ் கெளுத்தியும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. நொதியைச் சேர்ப்பதனால் மட்டும் மாசு குறைவதில்லை. அது விடுவிக்கும் அளவுக்கு ஈடாகத் தீவனத்திலிருந்தோ குளத்து உரத்திலிருந்தோ பாஸ்பரஸ் நீக்கப்பட்டால்தான் குறையும் என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பைட்டேஸ், பைட்டேட், பாஸ்பரஸ், கெண்டை, பங்காசியஸ், எண்ணெய் நீக்கிய தவிடு, கொல்லேரு, நீர் மாசு.

முன்னுரை

கிருஷ்ணா, கோதாவரி ஆகிய இரு ஆறுகளின் கழிமுகங்களுக்கு இடையே அமைந்த கொல்லேரு ஏரி, இந்தியாவின் பெரிய நன்னீர் ஏரிகளுள் ஒன்று. 1999-ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்வேரி, 2002-ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஏரிப்படுகைக்குள் அமைக்கப்பட்டிருந்த மீன் குளங்களின் கரைகள் 2006-ஆம் ஆண்டு அரசால் உடைக்கப்பட்டன. ஆயினும் ஏரியைச் சுற்றியுள்ள நிலப்பரப்பில் மீன் வளர்ப்பு தொடர்ந்து விரிவடைந்தே வந்துள்ளது. ரோகு, கட்லா முதலிய கெண்டை இனங்கள் இங்கு வளர்க்கப்பட்டு, பனிக்கட்டியில் அடுக்கப்பட்டுச் சரக்குந்துகளில் கொல்கத்தா, வடகிழக்கு மாநிலங்கள் வரை செல்கின்றன. குளங்களிலிருந்து வெளியேற்றப்படும் நீர் வடிகால்கள் வழியே ஏரியையும், அதனைக் கடலோடு இணைக்கும் உப்புட்டேரு கால்வாயையும் அடைகிறது.

அந்நீரோடு செல்லும் ஊட்டப்பொருள்களுள் பாஸ்பரஸுக்குத் தனியிடம் உண்டு. நன்னீரில் பாசி எவ்வளவு பெருகும் என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது. 1973-ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் 226 என்று எண்ணிடப்பட்ட ஏரியை டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் ஒரு திரையால் இரண்டாகப் பிரித்தனர். இரு பகுதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் இடப்பட்டன. பாஸ்பரஸ் ஒரு பகுதியில் மட்டுமே இடப்பட்டது. அப்பகுதி நீலப்பசும்பாசியால் பச்சையாயிற்று. மற்றது தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுக்கப்பட்ட அப்புகைப்படம் இன்றும் நீரியல் வகுப்பறைகளில் காட்டப்படுகிறது.

மீன் வளர்ப்பில் இப்பாஸ்பரஸின் முதன்மையான வாயில் தீவனமே. ஆகவே தீவனத்தைத் திருத்தி மாசைக் குறைக்கலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. பைட்டேஸ் நொதி அவ்வெண்ணத்தின் முதற்கருவியாக விளங்குகிறது.

தவிட்டில் பூட்டப்பட்ட பாஸ்பரஸ்

தானியங்களும் எண்ணெய் வித்துகளும் தங்கள் பாஸ்பரஸ் இருப்பின் பெரும்பகுதியைப் பைட்டிக் அமிலமாகச் சேமித்து வைக்கின்றன. இனோசிட்டால் என்னும் வளைய மூலக்கூறு ஒன்றோடு ஆறு பாஸ்பேட் தொகுதிகள் இணைந்த சேர்மம் அது. முளைக்கும் விதைக்கு இது உணவுக் கிடங்கு. உண்ணும் விலங்குக்கோ பூட்டிய பெட்டி. சோயாப் பிண்ணாக்கின் மொத்தப் பாஸ்பரஸில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இவ்வடிவில் உள்ளது. அரிசித் தவிட்டில் அப்பங்கு ஏறத்தாழ ஐந்தில் நான்கு. மேலும் பைட்டேட் துத்தநாகம், இரும்பு, கால்சியம் போன்ற தாதுக்களைப் பற்றிக்கொண்டு அவற்றையும் மீனுக்குக் கிட்டாமற் செய்கிறது.

இப்பூட்டைத் திறக்கும் நொதியே பைட்டேஸ். அது பாஸ்பேட் தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி விடுவிக்கிறது. 1907-ஆம் ஆண்டு ஜப்பானிய அறிவியலாளர் சுசுகி உமெதாரோவும் உடன் பணியாற்றியவர்களும் இந்நொதியை முதன்முதலில் இனங்கண்டது அரிசித் தவிட்டிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் தவிட்டிலிருந்து கரைப்பான் கொண்டு எண்ணெய் பிரிக்கப்படும்போது படும் வெப்பத்தில், இயல்பாக அதில் இருக்கும் சிறிதளவு நொதியும் பெரும்பாலும் செயலிழந்துவிடுகிறது. எனவே நுண்ணுயிரிகளிலிருந்து பெறப்படும் நொதியை வெளியிலிருந்து சேர்க்க வேண்டியதாகிறது. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் மரபணுவைக் கொண்டு உருவாக்கப்பட்ட பைட்டேஸ் 1991-ஆம் ஆண்டு நெதர்லாந்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பன்றி, கோழிப் பண்ணைகளின் எருவிலிருந்து பாஸ்பேட் மண்ணில் குவிவதைத் தடுக்க அந்நாடு இயற்றிய கட்டுப்பாடுகளே அதற்குச் சந்தையை ஏற்படுத்தின. மீன் தீவனத்துக்கு அது பின்னரே வந்து சேர்ந்தது. நில விலங்குக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்ட நொதி மீனின் குடலுக்குள் வந்தபோதுதான் சிக்கல்கள் தலைகாட்டின.

நொதியும் மீனின் குடலும்

பைட்டேஸின் ஆற்றல் அலகு, பி.எச். 5.5, வெப்பநிலை 37 பாகை செல்சியஸ் என்னும் நிலையில், சோடியம் பைட்டேட்டிலிருந்து நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் பாஸ்பேட்டை விடுவிக்கும் நொதியளவு என வரையறுக்கப்பட்டுள்ளது. இவ்வரையறை பன்றியின் இரைப்பைக்கு ஓரளவு நெருக்கமானது. கெண்டையின் குடலுக்கு அன்று. மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பமே ஆதலால், குளிர்நீர் டிரவுட் மீனில் 12 பாகையிலும், கொல்லேரு வட்டாரக் குளங்களில் 30 பாகையை ஒட்டியும் நொதி செயற்பட வேண்டியுள்ளது. வெப்பத்தைப் பொறுத்தவரை வெப்பமண்டலக் குளங்களுக்கு நன்மையே. அமிலத்தன்மையைப் பொறுத்தவரை நிலைமை வேறு.

கெண்டை இனங்களுக்கு இரைப்பை இல்லை. உணவு தொண்டையிலிருந்து நேரே குடலுக்குள் செல்கிறது, அங்கு பி.எச். நடுநிலையை ஒட்டியோ சற்றுக் காரமாகவோ உள்ளது. ஆஸ்பர்ஜில்லஸ் பைட்டேஸோ பி.எச். 2.5-ஐயும் 5 முதல் 5.5 வரையையும் ஒட்டியே உச்சநிலையில் செயற்படுவது. இதனால் ஒரே அளவு நொதி, இரைப்பையுள்ள கெளுத்தியிடம் காட்டும் பயனைக் கெண்டையிடம் காட்டுவதில்லை. மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் ரோகு குஞ்சுகளைக் கொண்டு நிகழ்த்தப்பட்டு 2005-ஆம் ஆண்டையொட்டி வெளியான ஆய்வுகள் இத்தடையை நேரடியாக எதிர்கொண்டன. தீவனத்தில் சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்து, அதனுடன் பைட்டேஸையும் இட்டபோது எலும்பில் தாதுக்கள் படிவது மேம்பட்டதை அவை காட்டின. இரைப்பை செய்யாத வேலையைத் தீவனத்தில் சேர்த்த அமிலம் செய்தது எனலாம்.

இரைப்பையின்மை மற்றொரு விளைவையும் உடையது. தீவனத்தில் சேர்க்கப்படும் தாதுப் பாஸ்பேட்டுகளுள் மோனோகால்சியம் பாஸ்பேட்டைக் கெண்டை பெரும்பாலும் உட்கவர்கிறது. டைகால்சியம் பாஸ்பேட்டை ஏறத்தாழப் பாதி அளவுக்கே உட்கவர்கிறது. மீன்தூளில் உள்ள எலும்புப் பாஸ்பேட்டை மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறது. விலைக் குறைவு கருதி எலும்புத்தூளையும் டைகால்சியம் பாஸ்பேட்டையும் கெண்டைத் தீவனத்தில் இடுவது, மாசு நோக்கில் பார்த்தால், பைட்டேட்டைப் போலவே கருதத்தக்க இழப்பாகும். நொதியைப் பற்றிய உரையாடலில் இது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

பாஸ்பரஸ் வரவு செலவு

மீனால் செரிக்கப்பட்ட பாஸ்பரஸ் எல்லாம் உடலில் தங்கிவிடுவதில்லை. தேவைக்கு மேற்பட்டது சிறுநீரகத்தின் வழியே கரைந்த பாஸ்பேட்டாக வெளியேற்றப்படுகிறது. செரிக்கப்படாத பாஸ்பரஸோ மலத்தோடு திடநிலையில் வெளிவந்து குளத்தடியில் படிகிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணாமல் ‘கழிவு குறைந்தது’ என்று கூறுவதே இத்துறையில் காணப்படும் பெருங்குழப்பம்.

ஒரு கணக்கைக் கொண்டு இதனை விளக்கலாம். 1 டன் மீனை உருவாக்க 1.5 டன் குச்சித் தீவனம் செலவாகிறது எனவும், அதில் பாஸ்பரஸ் 1.2 விழுக்காடு எனவும் கொள்வோம். குளத்துக்குள் வருவது 18 கிலோ பாஸ்பரஸ். மீனின் ஈர உடல் எடையில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 0.45 விழுக்காடு, எனவே அறுவடையோடு வெளியே செல்வது 4.5 கிலோ. எஞ்சிய 13.5 கிலோ குளத்திலேயே தங்குகிறது.

இத்தீவனத்தில் வேறெதனையும் மாற்றாமல் பைட்டேஸை மட்டும் தூவினால் செரிமான அளவு உயரும். ஆய்வகத்தில் குரோமிக் ஆக்சைடைக் குறியீடாகக் கொண்டு மலத்தைச் சோதித்தால் பாஸ்பரஸ் குறைந்திருப்பதும் தெரியவரும். ஆயினும் தீவனம் முன்னரே மீனின் தேவையை நிறைவுசெய்திருந்தால், மீனுடல் 4.5 கிலோவுக்கு மேல் ஏற்காது. குளத்தில் எஞ்சுவது அதே 13.5 கிலோ. மாறியது அளவன்று, வடிவமே: மலத்தில் பூட்டியிருந்த பாஸ்பரஸ் இப்போது சிறுநீரில் கரைந்து, பாசி உடனடியாக உறிஞ்சத்தக்க நிலையில் நீரில் கலக்கிறது. மலத்தைத் தொட்டியில் படியவைத்து அகற்றும் வசதியுள்ள பண்ணையில் இது முன்னிருந்ததைவிடத் தீங்கானதும் ஆகும்.

மாறாக, நொதி விடுவிக்கும் அளவைக் கணக்கிட்டு டைகால்சியம் பாஸ்பேட்டைக் குறைத்து, தீவனத்தின் மொத்தப் பாஸ்பரஸை 0.9 விழுக்காடாகத் தாழ்த்தினால் வரவு 13.5 கிலோவாகும், மீனில் தங்குவது மாறாமல் 4.5 கிலோ, எஞ்சுவது 9 கிலோ. இழப்பில் மூன்றிலொரு பங்கு நீங்குகிறது. அதற்காகத் தீவனத்திலிருந்து எடுக்கப்பட வேண்டிய டைகால்சியம் பாஸ்பேட், அதன் பாஸ்பரஸை 18 விழுக்காடாகக் கொண்டால், 1 டன் மீனுக்கு 25 கிலோ. மாசைக் குறைத்தது இந்த 25 கிலோவின் நீக்கம்; அந்நீக்கத்தை மீனின் வளர்ச்சி குன்றாமல் இயலச் செய்தது நொதி.

தவிட்டுக் குளங்கள்

கொல்லேரு வட்டாரக் கெண்டைக் குளங்களில் நெடுங்காலமாக முதன்மைத் தீவனமாக இருந்துவருவது எண்ணெய் நீக்கிய தவிடு. பழைய உரச்சாக்குகளில் வரிசையாகத் துளையிட்டு, தவிட்டையும் பிண்ணாக்கையும் நிரப்பி, குளத்தில் நட்ட மூங்கில் கழிகளில் கட்டித் தொங்கவிடுகின்றனர். மீன்கள் துளைகளில் வாய்வைத்து உறிஞ்சி உண்கின்றன. தூவி வீணாவதைத் தவிர்க்கும் சிக்கனமான இம்முறை, ஆந்திர உழவர்களின் நடைமுறை அறிவுக்கு நல்ல சான்று.

பாஸ்பரஸ் கணக்கில் ஆராய்ந்தால் இக்குளங்கள் நொதிக்கு மிகவும் ஏற்றவை போலத் தோன்றும். தவிட்டில் பாஸ்பரஸ் 1.5 விழுக்காடு எனவும், 1 டன் மீனுக்கு 2.5 டன் தவிடு எனவும் வைத்துக்கொண்டால் வரவு 37.5 கிலோ, அதில் 30 கிலோ பைட்டேட் வடிவிலானது. திறக்கப்பட வேண்டிய பூட்டு இவ்வளவு பெரிதாக வேறெங்கும் இல்லை. ஆனால் இங்கு நொதி மும்முனைத் தடையைச் சந்திக்கிறது. முதலாவது, மேலே கூறிய இரைப்பையின்மை. இரண்டாவது, நொதி நீரில் எளிதில் கரைவது. குச்சியாக இறுக்கப்படாத தவிட்டில் கலந்த நொதி, சாக்கு நீரில் நனையும்போதே கசிந்து, மீனின் வாயை அடையுமுன் குளத்தில் கரைந்துவிடும். மூன்றாவதே முடிவானது: இத்தீவனத்திலிருந்து எதனைக் கழிப்பது? தவிட்டின் பாஸ்பரஸ் தவிட்டோடு பிறந்தது. தாதுக்கலவையைப் போல அதனைத் தனியே பிரித்தெடுக்க இயலாது.

தவிட்டை முன்கூட்டியே நொதித்து இடலாம் என்பது முதலிரு தடைகளுக்கும் விடையாகக்கூடும். இறால் குளங்களில் தவிடு, வெல்லம், ஈஸ்ட் ஆகியவற்றைக் கலந்து புளிக்கவைத்து இடும் வழக்கம் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் உள்ளது. புளிப்பேறி அமிலத்தன்மை கூடும்போது பைட்டேட் சிதைவது இட்லி மாவில் இரவுதோறும் நிகழும் மாற்றமே. 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கெய்ன், கார்லிங் ஆகியோர் சோயாப் பிண்ணாக்கைத் தீவனமாக்குமுன் பைட்டேஸ் கொண்டு பக்குவப்படுத்தி டிரவுட் மீனுக்கு அளித்து ஆராய்ந்ததும் இவ்வழிப்பட்டதே. ஆயினும் தவிட்டுக் குளத்தில் மூன்றாம் தடை அப்படியே நிற்கிறது. முன்கூட்டியே விடுவிக்கப்பட்ட பாஸ்பேட் சாக்கிலிருந்து நேரடியாக நீரில் கரையும். பைட்டேட் வடிவிலுள்ள 30 கிலோவில் மூன்றிலொரு பங்கு விடுவிக்கப்பட்டாலும் அது 10 கிலோ. 50 கிலோ சூப்பர் பாஸ்பேட் மூட்டை ஒன்றில் உள்ள பாஸ்பரஸ் ஏறத்தாழ 3.5 கிலோ, ஆக, உழவர் தம்மை அறியாமலேயே ஏறத்தாழ மூன்று மூட்டை உரத்தைக் குளத்தில் இட்டவராகிறார்.

இங்கு ஓர் எதிர்வாதம் எழலாம். கெண்டைக் குளத்தில் கரைந்த பாஸ்பரஸ் முழுவதும் மாசன்று. அது மிதவை உயிரிகளை வளர்க்கிறது. கட்லா அவற்றை உண்டு வளர்கிறது. சூப்பர் பாஸ்பேட்டை உழவர்கள் விலைகொடுத்து வாங்கி இடுவதும் அதற்காகவே. இவ்வாதம் சரியானது; சரியானதாலேயே அது கழித்தலுக்கான இடத்தையும் காட்டிவிடுகிறது. நொதித்த தவிடு இடப்படும் குளத்தில் சூப்பர் பாஸ்பேட் நிறுத்தப்பட வேண்டும் அல்லது அதற்கேற்பக் குறைக்கப்பட வேண்டும். அவ்வாறு செய்யாத குளத்தில் நொதி மாசுக் குறைப்புக் கருவியன்று; கூடுதல் உரம்.

பங்காசியஸ் குளங்கள்

அதே வட்டாரத்தில் வளர்க்கப்படும் பங்காசியஸ் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த கெளுத்தி இனம். அதற்கு அமிலம் சுரக்கும் இரைப்பை உண்டு. அது உண்பது ஆலையில் செய்யப்பட்ட மிதவைத் தீவனம். சோயா, தவிடு, பிண்ணாக்கு ஆகியவற்றோடு தாதுப் பாஸ்பேட்டும் அளந்து சேர்க்கப்படுவதால், கழிப்பதற்கு ஒன்று இங்கு இருக்கிறது. நொதியின் வேதியியலும் மீனின் உடலியலும் தீவனத்தின் அமைப்பும் ஒருங்கே பொருந்துவது இக்குளங்களிலேயே.

எஞ்சும் தடை வெப்பம். மிதவைத் தீவனம் உயர் அழுத்தத்தில் 100 பாகைக்கு மேல் சூடாக்கப்பட்டு, துளைவழி வெளிவந்து உப்புகிறது. புரதமாகிய நொதி அவ்வெப்பத்தைத் தாங்காது. ஆதலால் தீவனம் ஆறியபின், எண்ணெய் பூசும் கட்டத்தில் நீர்ம நொதியை அதன்மேல் தெளிக்கும் முறை கையாளப்படுகிறது. இதற்குரிய கருவி பெரிய ஆலைகளுக்கே கட்டுப்படியாகும். மாவில் பொடியாகக் கலந்துவிட்டு, பையின்மேல் நொதியின் பெயரை அச்சிடும் தீவனத்தில், மீன் உண்ணும் வேளையில் எவ்வளவு நொதி உயிர்ப்போடு எஞ்சியுள்ளது என்பதைத் தனியே சோதித்தாலன்றி அறிய இயலாது.

கடலோர உவர்நீர் இறால் பண்ணைகளுக்கு இவ்வாதம் அப்படியே பொருந்தாது. உவர்நீரிலும் கடல்நீரிலும் பாசிப் பெருக்கத்தைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது நைட்ரஜன். அங்கு புரதச் செரிமானத்தை உயர்த்தும் புரோட்டியேஸ் நொதிக்கே முதன்மை தரலாம். ஆனால் கணக்கு அதுவே. புரத அளவைக் குறைக்காமல் புரோட்டியேஸைச் சேர்த்தால், மிகையான அமினோ அமிலங்கள் அம்மோனியாவாகச் செவுள்வழி வெளியேறும்.

விதியும் அளவையும்

நொதி விற்பவருக்கும் தீவன ஆலைக்கும் மீன் வளர்ப்பவருக்கும் தாமாகவே பாஸ்பரஸைக் கழிக்கத் தூண்டுதல் உண்டா என்பது அடுத்த வினா. தாதுப் பாஸ்பேட்டின் விலை உயரும் காலத்தில் ஆலைக்கு உண்டு. மற்றக் காலங்களில் பாதுகாப்புக் கருதி மிகையாக இடுவதே வழக்கம். டென்மார்க் இத்தூண்டுதலைச் சட்டத்தால் ஏற்படுத்தியது. 1989-ஆம் ஆண்டு முதல் அங்கு நன்னீர் டிரவுட் பண்ணை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுத் தீவன ஒதுக்கீடு விதிக்கப்பட்டது. தீவனத்தில் இருக்கத்தக்க பாஸ்பரஸுக்கும் உச்சவரம்பு வைக்கப்பட்டது. பண்ணைக்குள் புகும் மூட்டையைக் கட்டுப்படுத்துவது, வெளியேறும் நீரை நாள்தோறும் சோதிப்பதைவிட எளிதாயிற்று.

மிச்சிகனில் நெருக்கடி ஏரியின் பக்கத்திலிருந்து வந்தது. பிளாட் ஆற்றங்கரையிலுள்ள அரசு மீன் பொரிப்பகத்தின் கழிநீர் கீழேயுள்ள பிளாட் ஏரியைக் கெடுக்கிறது என்று ஏரிக்கரை மக்கள் நெடுங்காலம் வழக்காடினர். 2000-ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி பொரிப்பகம் ஓராண்டில் வெளியேற்றத்தக்க பாஸ்பரஸ் 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோ என வரையறுக்கப்பட்டது. ஏரிநீரில் லிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்ற இலக்கும் வைக்கப்பட்டது. ஒரு பொரிப்பகத்தின் ஆண்டுக் கணக்கு கிலோவில் எழுதப்படும்போது, தீவனத்தின் பாஸ்பரஸ் விழுக்காட்டில் ஏற்படும் சிறு மாற்றமும் பொருள் உடையதாகிறது.

இந்தியச் சந்தையில் விற்கப்படும் தீவனப் பைகளில் புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் ஆகியவை அச்சிடப்படுகின்றன. மொத்தப் பாஸ்பரஸ் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அது அச்சிடப்படாத வரை, நொதி சேர்த்த தீவனத்தில் தாதுப் பாஸ்பேட் குறைக்கப்பட்டதா என்பதை வாங்குபவரோ அலுவலரோ அறிய வழியில்லை.

ஆய்வுகளின் தரப்பிலும் இதே குறை உண்டு. கண்ணாடித் தொட்டியில் எட்டு வாரம் நிகழும் சோதனை, செரிமானமும் எடையும் கூடியதைக் காட்டி, முடிவில் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று ஒரு தொடரைச் சேர்த்துக்கொள்கிறது. அத்தொடருக்கு உரிய சான்று தேடக் கடினமான கருவிகள் தேவையில்லை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் சி. ஒய். சோ முதலியோர் வளர்த்தெடுத்த ஊட்ட வரவு செலவு முறை இதற்குப் போதும்: சோதனையின் தொடக்கத்திலும் இறுதியிலும் மீனுடலின் பாஸ்பரஸ், இட்ட தீவனத்தின் பாஸ்பரஸ் ஆகியவற்றை அளந்தால், வேறுபாடே நீருக்குச் சென்ற சுமை. மலத்தின் பாஸ்பரஸையும் அளந்தால் அச்சுமையில் கரைந்த பகுதி எவ்வளவு, திடப்பகுதி எவ்வளவு என்பதும் கிட்டும். நொதி சேர்த்த தீவனம், நொதி சேர்க்காத தீவனம் என்ற இரு குழுக்களோடு, நொதி சேர்த்துத் தாதுப் பாஸ்பேட் குறைத்த மூன்றாம் குழுவும், நொதியின்றித் தாதுப் பாஸ்பேட் மட்டும் குறைத்த நான்காம் குழுவும் இருத்தல் வேண்டும். நான்காவது குழுவின் வளர்ச்சியும் எலும்புச் சாம்பலும் குன்றாமல் இருந்தால், அத்தீவனம் முதலிலேயே மிகையான பாஸ்பரஸைக் கொண்டிருந்தது என்று பொருள். அங்கு தேவைப்பட்டது நொதியன்று, தீவனக் கலவையைத் திருத்துவதே.